6 ஸ்பீட் வண்டியில் 9 ஸ்பீட் செயின் மாட்டினேன்! பல்லைக் கடித்துக்கொண்டு பாருங்கள்

வணக்கம் மக்களே! இந்தக் கையைப் பாருங்கள். மூன்று தடவை சோப்பு போட்டும் கறுப்பு போகவில்லை. எல்லாம் பச்சைக்கிளிக்குச் செயின் மாற்றிய கறுப்பு. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: பச்சைக்கிளி என் பழைய ஸ்டீல் ரோடு பைக், மோட்டார் இல்லாத சைக்கிள்தான். முன்னால் பெடல் பக்கம் 52 பல், 42 பல் என்று இரண்டு செயின்ரிங், பின்னால் 6 பல்சக்கரம், அதனால்தான் 6 ஸ்பீட். கியர் மாற்றும் லீவரில் கிளிக் எல்லாம் கிடையாது, கைப்பக்குவம்தான்.

போன வாரம் ஒரு கடையில் செயின் கேட்டேன். கடைப் பெயர் வேண்டாம். "6 ஸ்பீடா? அதெல்லாம் இப்ப வர்றதே இல்ல சார், வண்டியையே மாத்திடுங்க" என்றார் அந்தத் தம்பி. அவர் தலைக்கு மேலே தொங்கிய டப்பாவில் 6/7/8 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது! வந்த கோபத்தில் எதையும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

வீட்டில்தான் 9 ஸ்பீட் செயின் ஒன்று கிடக்கிறதே, தள்ளுபடி என்று வாங்கி உங்களிடம் திட்டு வாங்கினேனே, அது. அதையே மாட்டினால் என்ன?

மாட்டலாம். செயின் கண்ணிகளைக் கோக்கும் குட்டி ஆணிதான் பின்; ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம் எல்லாச் செயினிலும் அரை அங்குலம்தான். தாத்தாவின் கேரியர் வைத்த சைக்கிளிலும் அதே அரை அங்குலம். கியர் கூடக்கூட ஒல்லியாவது வெளி அகலம். 8 ஸ்பீட் செயின் 7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, 9 என்றால் 6.6, 11 என்றால் 5.5 பக்கம். உள் அகலம் அந்த அளவுக்குக் குறையவில்லை: 8-இல் 2.4, 9-இல் 2.2. என் பல்சக்கரத்தின் தடிமனைக் காலிப்பரில் அளந்தேன், 1.9. தாராளமாக உட்காரும்.

மாட்டும்போதுதான் கூத்து. செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் குயிக் லிங்க் இருக்கிறதே, இரண்டு குட்டித் துண்டு, அதில் ஒன்று கைநழுவி, பால்கனிக் கம்பிக்கு நடுவே போய், நேராகக் கீழ்வீட்டு அக்காவின் துளசித் தொட்டிக்குள் விழுந்தது. புதிது ஒரு ஜோடி 180 ரூபாய். விரல் நகம் அளவு இரும்புக்கு 180! பழைய 8 ஸ்பீட் லிங்கைப் போடலாமா என்று ஒரு நிமிடம் சபலம். போடாதீர்கள், 9-இல் அது லொடலொட என்று ஆடும், நடுரோட்டில் கழன்றால் பல் போகும். உங்கள் பல்லைச் சொல்கிறேன். கடைசியில் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மாமல்லபுரம் காந்தத்தை நூலில் கட்டி, மாடியிலிருந்து இறக்கி, தூண்டில் மாதிரி ஆட்டினேன். ஐந்தாவது தடவை 'டிக்'. மேலே இழுத்தால் மண்ணோடு என் லிங்க்! இந்த வருஷத்தில் என் பெரிய சாதனை இதுதான். அக்கா கைதட்டினார்.

ஞாயிறு காலை ஈசிஆர். முட்டுக்காடு பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தேன், 'டக்' என்று வழுக்கியது. மறுபடியும் 'டக்'. ஒல்லிச் செயின்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். ரோஷத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அதே கடைக்குப் போய், அதே டப்பாவை வாங்கினேன். 850 ரூபாய். மாட்டினால் அதே பாலம், அதே 'டக்'!

அப்புறம்தான் கவனித்தேன், பின்னால் மூன்றாவது பல்சக்கரத்தில் மட்டும்தான் வழுக்குகிறது. நான் எப்போதும் ஓட்டுவது அதில்தான்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். பழைய செயினைக் கழற்றுமுன் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு பின் பூஜ்யத்தில் நின்றால் 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். என்னுடையது எட்டில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தது. பதினாறில் ஒரு பங்கு தாண்டியபோதே மாற்றியிருந்தால் பல் பிழைத்திருக்கும். நீண்ட செயினோடு ஓடி ஓடிப் பல்லும் தேய்ந்துவிட்டது. புதுச் செயின் எந்த ஸ்பீடாக இருந்தாலும் அந்தப் பல்லில் நிற்காது.

சரி, புது ஃப்ரீவீல், அதாவது பின் பல்சக்கரங்கள் மொத்தமும், 14 பல்லிலிருந்து 28 பல் வரை, அறுநூறு ரூபாய். பழையது கழல மாட்டேன் என்று அடம் பிடித்ததால் வெல்டிங் பட்டறை வைஸில் மாட்டித் திருகினோம். இப்போது இரண்டு செயினுமே வழுக்கவில்லை.

9 ஸ்பீடில் ஒரே குறை, முன்னால். 52-இலிருந்து 42-க்கு இறக்கும்போது ஒல்லிச் செயின் சில நேரம் இரண்டு ரிங்குக்கும் நடுவே நின்றுகொண்டு, பெடல் வெறுமனே சுற்றுகிறது. கடையில் வாங்கிய 6/7/8 செயினில் அந்தத் தொல்லையே இல்லை. அதனால் அந்த 850 ரூபாய்ச் செயின்தான் வண்டியில் இருக்கிறது.

"12 ஸ்பீட் போடலாமா அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் தம்பிக்கு: ஸ்ராம் கம்பெனி 2019-இல் கொண்டுவந்த ஃபிளாட்டாப் செயின் என்றால் கண்டிப்பாக வேண்டாம். அதில் பின்னைச் சுற்றியுள்ள உருளையே பெரிது, பழைய பல்லில் உட்காராது.

9 ஸ்பீட் செயினை 108 லிங்க்குக்கு வெட்டிவிட்டேன். அந்த நீளம் போதும் என்பவர்கள் சொல்லுங்கள், அண்ணா நகர் வரை நானே மிதித்து வந்து தருகிறேன். லிங்கில் கொஞ்சம் துளசி மண் இருக்கும்.