விமானம் தாமதமானால் கீழே இருப்பவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அடுத்த கேள்வி உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து வந்திருக்கிறது. ஒரு தங்கச்சி கேட்கிறார்: "ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் வரும் என்கிறார்கள். விமானம் தாமதமானால் பயணி போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். எங்கள் கூரைக்கு மேலே பறந்தால் நாங்கள் யாரைக் கேட்பது?"

2025 மார்ச் மாநில பட்ஜெட்டில் வந்த அறிவிப்பைச் சொல்கிறார். கேட்க இதுதான் சரியான நேரம். தார் போட்ட பிறகு கேட்டால் ஓடுபாதையைத் திருப்ப முடியாது.

முதலில் காற்று. விமானம் முடிந்தவரை காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். மதுரையில் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. ஒரு முனையில் 09, மறுமுனையில் 27 என்று எழுதியிருக்கும். 90 டிகிரி, அதாவது கிழக்கு; 270 டிகிரி, அதாவது மேற்கு என்று அர்த்தம். நம் கரையிலும் அப்படி ஒரு பாதை வந்தால், மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் விமானம் கிழக்கே இருக்கிற ஊர்களுக்கு மேலே தாழ்ந்து வந்து இறங்கும். வடகிழக்கிலிருந்து வாடை திரும்பியதும் மேற்கே இருக்கிற ஊர்களின் முறை. எந்த ஊருக்கு எந்த மாதம் சத்தம் என்பதை இப்போதே கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். சொல்லத்தான் வேண்டும்.

சரி, தாமதத்துக்கு வருவோம். ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் போய் வருகிறது. காலையில் எங்கோ மூடுபனியில் நின்றால் அந்தத் தாமதம் ராத்திரி வரைக்கும் தொடரும். ஐந்து மணிக்கு இறங்க வேண்டியது எட்டு மணிக்கு இறங்கும். பயணிக்குச் சாப்பாடு தர வேண்டும், தாமதம் மிக நீண்டால் வேறு விமானமோ முழுப் பணமோ தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கீழே இருப்பவருக்கு 2018-ல் வந்த இரைச்சல் வரம்பு மட்டும்தான். நெரிசல் குறைந்த விமான நிலையத்தைச் சுற்றிப் பகலில் 65 டெசிபல், இரவில் 60. இரவு என்பது பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை. விடியுமுன் வலைக்குப் போகிற வீட்டில் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள். சட்டத்துக்கு அது இன்னும் பகல். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

லண்டன் ஹீத்ரோவில் இரண்டு ஓடுபாதைகள். மேற்குக் காற்று நாட்களில் ஒன்றில் இறங்குவார்கள், மற்றதில் ஏறுவார்கள். பிற்பகல் 3 மணிக்கு மாற்றிவிடுவார்கள். எந்த வாரம் எது என்று அட்டவணை முன்கூட்டியே வெளிவரும். அதனால் கீழே இருப்பவர்களுக்கு அரை நாளாவது ஓய்வு. தாமதம் கூடினால் இந்த ஒழுங்கைக் கொஞ்சம் தளர்த்த அனுமதி உண்டு. அதை இன்னும் விரிவாக்கி 2011 முதல் 2013 வரை சோதனை நடத்தியபோது, அதன் விளைவுகளைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். நமக்கு இரண்டு பாதை கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்தக் கணக்கைக் கேட்க ஒரு பாதை போதும்.

எங்கே கேட்பது? 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி புதிய விமான நிலையத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வரும், மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். வேலை கிடைக்குமா, நிலத்துக்கு என்ன விலை என்பதையும் கேளுங்கள். அப்புறம் இதையும் கேளுங்கள்: பாதை எந்தத் திசை? எத்தனை மணிக்குப் பிறகு இறங்கக் கூடாது? அந்த மாதம் எந்த முனையைப் பயன்படுத்தினார்கள், எத்தனை விமானங்கள் நேரம் தப்பி வந்தன என்று ஊராட்சி அலுவலகத்தில் மாதாமாதம் ஒட்டுவார்களா?

வாய்மொழியாகச் சரி என்றால் விட்டுவிடாதீர்கள். கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள், அனுமதி ஆணையில் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போனதால் கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் எழுதியும் கொடுக்கலாம். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.