ஓட விடாத சண்டை

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் வருகிறது. ஊருக்கு வெளியே ஏதோ ஒரு தோப்பில் சேவல் கட்டு, அதாவது பந்தயம் கட்டி நடத்தும் சேவல் சண்டை, நடக்கும் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் இன்றைக்கு அதைப் பேசுகிறேன்.

என் தாய்மாமன் கட்டுச்சேவல் வளர்த்தவர். கம்பு போடுவார், முட்டை கொடுப்பார், கிணற்றில் நீந்த விடுவார். எங்களுக்கு முட்டை இல்லாத நாளிலும் சேவலுக்கு உண்டு. ஆகவே, சேவல்காரர்களுக்குப் பாசமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாசம் இருந்தது. கட்டு அன்றைக்குக் காலில் கத்தியைக் கட்டியதும் அதே கைதான்.

"சண்டை அதுக்குப் பிறவிக்குணம்டா" என்பார் மாமா. சரி, உண்மைதான். எங்கள் வீட்டுக் குப்பைமேட்டிலும் சேவல்கள் எகிறும், கொத்தும். முடியாத சேவல் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவிடும். மற்றது கொஞ்சதூரம் துரத்திவிட்டுக் கூவும். அவ்வளவுதான். ஓடுவதும் பிறவிக்குணம்தானே? களத்தில் அந்த ஒரு வழியைத்தான் அடைத்துவிடுகிறோம். கத்தி கட்டினால் ஒரே வீச்சில் குடல் சரிந்துவிடும். கத்தி இல்லாத சண்டை என்றால், களைத்து நிற்கும் சேவலைத் தூக்கி, முகத்தில் தண்ணீரை ஊதி, மறுபடி இறக்குவார்கள். தோற்றதற்குக் கோச்சை என்று பெயர். அது ஜெயித்தவர் வீட்டுக் குழம்புக்குப் போகும்.

பாரம்பரியம் என்று திருச்சி உறையூரைச் சொல்வார்கள். யானையைச் சேவல் விரட்டியதால் கோழியூர் ஆனது என்ற கதை. அந்தச் சேவலை யாரும் இறக்கிவிடவில்லை, பந்தயமும் கட்டவில்லை.

சட்டத்துக்கு வருவோம். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலன்தான் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆம் பிரிவின்படி, சண்டைக்கு ஏவிவிடுவது மட்டுமல்ல, அதற்கு இடம் கொடுப்பதும் குற்றம். தோப்புக்காரர்கள் கவனிக்கவும். "ஜல்லிக்கட்டுக்கு அனுமதி உண்டே?" என்று கேட்பீர்கள். 2017இல் தமிழ்நாடு செய்த திருத்தம் காளைகளுக்கானது. 2023இல் உச்ச நீதிமன்றம் ஏற்றதும் அதைத்தான். சேவல் அதில் இல்லை.

ஆனால் தண்டனையைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் எழுதிவைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால்தான் சிறை என்ற பேச்சே வரும். மாமா ஒருமுறை மாட்டினார். அபராதத்தைக் கட்டிவிட்டு, வரும் வழியில் சேவலுக்குக் கம்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

தன் சேவல் தோற்ற நாளில் அவர் சோறு சாப்பிடமாட்டார். ஜெயித்து வந்த நாளில் அடுத்தவர் கோச்சையைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஏன் மாமா என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசாம சாப்பிடுடா" என்றார்.