மேசையில் எட்டுப் பேர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் புதிதாகத் தொழில் தொடங்கியிருப்பவர்களை மாதம் ஒருமுறை இரவுணவுக்கு அழைத்து, ஒருவரோடு ஒருவர் பழகச் செய்யும் சிறு முயற்சியொன்றில் மூன்று ஆண்டுகளாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், அதை எப்படி நடத்துகிறோம், எங்கே சறுக்கினோம் என்பதைச் சொல்லுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள்.

சறுக்கியதிலிருந்தே தொடங்குகிறேன். முதல் சந்திப்பை நாங்கள் விழாவாகவே நடத்தினோம். ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நாற்பது பேரை அழைத்து, மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நன்றியுரை என்று நம் ஊர்க் கூட்டங்களுக்குரிய அத்தனையையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருந்தோம். பிரதம விருந்தினர் ஒரு மணி நேரம் பிந்தி வந்தார். அவர் பேசி முடிக்க மேலும் முக்கால் மணி நேரமாயிற்று. அதற்குள் கொத்து ரொட்டி ஆறிப்போனது, தொலைவிலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்து எழுந்துவிட்டார்கள். அன்றைக்கு வந்தவர்களில் எவரும் முன்பின் அறியாத ஒருவரோடு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதாக எனக்கு நினைவில்லை. மேடையையும் ஒலிவாங்கியையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அன்றிரவு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே யோசித்தோம்.

அடுத்த மாதம் எட்டுப் பேரை மட்டும் அழைத்தோம். உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் நண்பரின் பின் விறாந்தையில் ஒரே மேசை. பத்துப் பேரைத் தாண்டினால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஆறுக்குக் குறைவாக அழைத்தால், இருவர் வராமற்போகும் நாளில் மேசை வெறிச்சோடிவிடுகிறது. சாப்பிடத் தொடங்கியதும் ஒவ்வொருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்த மாதம் உங்கள் தொழிலை எது தடுத்து நிறுத்தியிருக்கிறது? சாதனையைச் சொல்லச் சொன்னால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் பேசுகிறார்கள். தடையைச் சொல்லச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்.

கிண்ணியாவிலிருந்து வந்திருந்த சகோதரி ஒருவர் கருவாடு பொதிசெய்து விற்பவர். விடுமுறையில் ஊருக்கு வரும் வெளிநாட்டு உறவினர்கள் விரும்பி வாங்கினாலும், பயணப்பெட்டிக்குள் உடுப்பெல்லாம் வாடை பிடித்துவிடுகிறது என்று முறையிடுகிறார்கள் என்றார். சொன்னதோடு நில்லாமல், கைப்பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து மேசையைச் சுற்றி அனுப்பினார். புட்டுக்கும் கணவாய்க் கறிக்கும் நடுவே அந்தப் பொதி கைமாறிக்கொண்டு போனது. ஆளாளுக்கு மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். தம்பலகாமத்திலிருந்து வந்திருந்த, அறுவடை இயந்திரங்களை முன்பதிவு செய்வதற்கான செயலியொன்றை உருவாக்கிக்கொண்டிருந்த இளைஞர், மெழுகுதிரிச் சுவாலையில் ஒட்டப்பட்டிருந்த ஓரத்தை நகத்தால் நெருடி, இதன் வழியாகத்தான் வருகிறது என்றார். முருங்கையிலைத் தூள் பொதிசெய்பவர் அதை மறுத்து, ஓரம் மட்டுமல்ல, மெல்லிய பொலித்தீனே வாடையைக் கசியவிடும், உள்ளே அலுமினியம் படிந்த பை வேண்டும் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, தம்மிடமுள்ள காற்றுறிஞ்சிப் பொதியும் இயந்திரம் பின்னேரங்களில் சும்மாதான் நிற்கிறது என்றும் சொன்னார். விடுதி நண்பர், வாடை நிற்கட்டும், என் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு ஒதுக்கித் தருகிறேன் என்றார். இத்தனையும் சொதி ஆறுவதற்குள் நடந்தது.

இந்தச் சகோதரி வந்துபோக முடிவதே 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதால்தான். அதற்கு முன் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறித் துறையைக் கடக்க வேண்டியிருந்த காலத்தில், கிண்ணியாவிலிருந்து ஒருவரை நகரத்துக்கு இரவுணவுக்கு வரச் சொல்வது அவரை இரவு தங்கச் சொல்வதற்குச் சமம்.

நாள் பார்ப்பதில்தான் எங்களுக்கு அதிக வேலை. வெள்ளிக்கிழமை சைவ உணவுக்காரர் பலர் என்பதால் அன்று வைப்பதில்லை. மஃரிப் தொழுகை முடிந்து வர வசதியாக ஆறே முக்காலுக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுகிறோம். நோன்பு மாதத்தில் சந்திப்பே கிடையாது. சமையல் ஹலால், மது இல்லை. உல்லாசப் பயணிகள் நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் திரளும் மே முதல் செப்டெம்பர் வரை விடுதிக்காரர்களை அழைத்துப் பயனில்லை. வடகீழ்ப் பருவமழை தொடங்கி அறைகள் வெறுமையான பிறகே அவர்களுக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்கிறது. சிங்கள நண்பர் ஒருவர் வரும்போது இரு மொழியும் தெரிந்தவரை அவருக்குப் பக்கத்தில் அமர்த்துகிறோம். தனியே வரத் தயங்கும் பெண்கள் வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரலாம். அவருக்கும் சாப்பாடு உண்டு.

நாள் பார்த்துக் கூடி உண்பது எங்களோடு தொடங்கியதல்ல. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், அவருடைய தொழிற் பங்காளி மத்தியூ போல்டன், மட்பாண்ட உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வுட் முதலியோர் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூடி உணவருந்தினார்கள். தெருவிளக்கு இல்லாத அக்காலத்தில் நிலவொளியில் வீடு திரும்பலாம் என்பது காரணம். அதனாலேயே அது சந்திரக் கழகம் என்று பெயர்பெற்றது. நம் நாட்டிலோ பௌர்ணமியன்று வரும் போயா தினத்தில் இறைச்சிக் கடை பூட்டியிருக்கும், பௌத்த நண்பர்கள் விகாரைக்குப் போயிருப்பார்கள். ஆகவே நாங்கள் நிலவைத் தவிர்த்துத் தெருவிளக்கை நம்புகிறோம், அது எரியும் நாட்களில்.

செலவைப் பொறுத்தவரை அவரவர் பங்கை அவரவரே கொடுக்கிறோம். முழுச் செலவையும் ஏற்பதாக ஒரு நிறுவனம் முன்வந்தது உண்மைதான். ஆனால் சுவரில் தங்கள் பதாகையைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் பேசவும் இடம் கேட்டார்கள். ஐந்து நிமிடம் எவ்வளவு நீளும் என்பதை நாங்கள் முதல் கூட்டத்திலேயே கற்றிருந்தோம். யோசனையைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் புதிதாக வரும் எல்லாருக்கும் இருக்கிறது. செய்முறையையும் விலைக் கணக்கையும் மேசையில் யாரும் கேட்கக்கூடாது, படம் பிடிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அழைத்தவரின் வேலை மறுநாட் காலையில்தான் தொடங்குகிறது. மேசையில் கொடுக்கப்படும் வாக்கு விடிந்ததும் மறந்துபோகும் இயல்புடையது. ஆகவே யார் யாருக்கு என்ன செய்வதாகச் சொன்னார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, இருவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, இரண்டு கிழமை கழித்து நடந்ததா என்று விசாரிக்கிறேன். நடந்தால் அந்த வரியை வெட்டிவிடுவேன். காற்றுறிஞ்சி இயந்திரம் பற்றிய வரி நான்காம் நாளே வெட்டப்பட்டது. இன்னும் வெட்டப்படாமல் கிடப்பவற்றில் இரண்டு, நானே கொடுத்த வாக்குகள். வணக்கம்.