சாப்பாடு 11ஆவது படியில்தான்: வீட்டில் பஸ்கா செடர் விருந்து நடத்துவது எப்படி

[காட்சி: வெள்ளை விரிப்பு போட்ட நீள மேசை. 10 நாற்காலி. ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு புத்தகம். சாப்பாடு எதுவும் கண்ணில் படவில்லை.]

இரவு மணி 8:15. வந்தவங்க எல்லாரும் உட்கார்ந்தாச்சு. சூப் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. சமையல் முடியலையான்னா, அதெல்லாம் நேத்தே முடிஞ்சாச்சு. எகிப்துல அடிமையா இருந்த யூதர்கள் வெளியேறினதை நினைக்கற பண்டிகை பஸ்கா; அதோட இரவு விருந்தே அப்படித்தான். அதுக்குப் பேர் செடர். எபிரேயத்துல 'வரிசை, ஒழுங்கு'ன்னு அர்த்தம். மொத்தம் 15 படி. சாப்பாடு 11ஆவது.

செடர் சொதப்பினா பெரும்பாலும் காரணம் ருசி இல்ல, நேரம். பசியில குழந்தைங்க அழும், அடுப்புல கறி காயும், புத்தகம் வாசிக்கிறவர் வேகத்தைக் கூட்டுவார். அதனால கேள்வி ரெண்டுதான்: எந்தச் சாப்பாடு காத்திருக்கும்? விருந்தாளியை எப்படிக் காத்திருக்க வைக்கிறது?

நாம எடுத்துக்கறது நியூயார்க்ல ஒரு அஷ்கெனாசி வீடு. அதாவது ஐரோப்பாவோட நடு, கிழக்குப் பகுதிகள்ல இருந்து வந்த யூதர்கள். 10 பேர், முதல் நாள் செடர்.

[காட்சி: காலி அலமாரி. தட்டுகளில் ஒட்டிய பழைய ரொட்டித் தூள்.]

முதல்ல வீட்டுல இருந்து 'ஹமேட்ஸ்' வெளியேறணும். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் இந்த 5 தானியத்துல தண்ணி பட்டுப் புளிச்ச எதுவும் ஹமேட்ஸ். அஷ்கெனாசி வழக்கத்துல அரிசி, பருப்பு, சோளமும் கிடையாது. இதுல ஏமாத்துறது பாட்டில்தான். சோயா சாஸ்ல கோதுமை இருக்கும், கடுகு சாஸும் ஆகாது. குழம்பைக் கெட்டியாக்க சோள மாவு போட முடியாது; உருளைக்கிழங்கு ஸ்டார்ச் போடுங்க.

[காட்சி: கடை அலமாரியில் மட்ஸா பெட்டிகள்.]

மட்ஸாவைத் தமிழ் பைபிள்ல 'புளிப்பில்லா அப்பம்'னு படிச்சவங்க சப்பாத்தியைக் கற்பனை பண்ணியிருப்பீங்க. யேமன் யூதர்கள் செய்யறது உண்மையிலேயே அப்படி மெத்துன்னுதான் இருக்கும். கடையில கிடைக்கிற மட்ஸா மொறுமொறுன்னு, தொட்டா உடையிற தகடு. மாவுல தண்ணி பட்டதுல இருந்து 18 நிமிஷத்துக்குள்ள சுட்டு எடுக்கணும்கிறது கணக்கு.

வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க. பெட்டியில 'பஸ்காவுக்கு உகந்தது'ன்னு இருக்கணும். வருஷம் பூரா விக்கிற சாதா மட்ஸாவும் அதே மாதிரி பெட்டியிலதான் வரும். முட்டை மட்ஸா செடர் கடமைக்குச் செல்லாது. ஆளுக்கு 2 தகடுன்னு வெச்சு, உடைசலுக்கும் சேர்த்து 26 வாங்கினா போதும். நடத்துறவர் முன்னாடி துணி மூடி வைக்கிற 3 தகடும் முழுசா இருக்கணும். பெட்டியை மத்தியானமே பிரிச்சு அந்த மூணைப் பொறுக்கி வெச்சிடுங்க.

ஒயின் ஆளுக்கு 4 கோப்பை. ஒரு கோப்பை குறைஞ்சது 86 மில்லி. 120 மில்லி கோப்பைன்னா 10 பேருக்கு 4.8 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் 7. குழந்தைங்க, ஒயின் குடிக்காதவங்களுக்குத் திராட்சைச் சாறு. எல்லாருக்கும் ஒரு குட்டித் தட்டு வைங்க. எகிப்து மேல கடவுள் அனுப்பின பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டு ஒயின் கோப்பையில இருந்து வெளியே எடுப்பாங்க. தட்டு இல்லைன்னா வெள்ளை விரிப்பு கதி அதோகதி.

[காட்சி: மேலிருந்து, செடர் தட்டு. ஒவ்வொன்றாக வைக்கப்படுகிறது.]

இப்போ செடர் தட்டு. சுட்ட எலும்பு, சுட்ட முட்டை, கசப்புக் கீரை, ஹரோசெத், பார்ஸ்லி, அப்புறம் ரொமைன் லெட்யூஸ். முட்டையைப் பச்சையா நெருப்புல காட்டினா வெடிக்கும். அவிச்சு, ஓட்டோட தீயில கருக்கணும். ஆட்டு எலும்பு கிடைக்கலைன்னா கோழிக் கழுத்து. சைவ வீடுகள்ல பீட்ரூட் வைக்கிறாங்க.

ஹரோசெத்துன்னா எகிப்துல அடிமையா இருந்தப்போ செங்கல் கட்டின சாந்தோட அடையாளம். 4 ஆப்பிளைப் பொடியா நறுக்கி, ஒன்றரை கப் வால்நட், ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள், கால் கப் இனிப்பு ஒயின். ஆப்பிள் கறுத்தா கவலை வேண்டாம், சாந்து வெள்ளையாவா இருக்கும்? ஈராக் யூதர்களோடது இன்னும் சுலபம்: பேரீச்சம்பழப் பாகுல வால்நட் தூள், அவ்வளவுதான்.

[காட்சி: மிக அருகில், ஹார்ஸ்ராடிஷ் வேர். தோல் சீவிய வெள்ளைச் சதை துருவியில் தேய்கிறது.]

கசப்புக் கீரைக்கு, அதாவது மாரோருக்கு, நிறையப் பேர் ஹார்ஸ்ராடிஷ் வேரை எடுப்பாங்க. முழு வேரை முகர்ந்தா வாசனையே இருக்காது. துருவினா செல் உடைஞ்சு, உள்ளே தனித்தனியா இருந்த ரெண்டு பொருள் கலந்து, கடுகுல இருக்கற அதே காரநெடி கிளம்பும். வெங்காயம் எல்லாம் இதுக்கு முன்னாடி குழந்தை. ஜன்னலைத் திறந்துவிட்டுத் துருவுங்க. மிக்ஸியில அடிச்சா மூடியைத் திறக்கிறப்போ முகத்தைத் திருப்பிக்கோங்க.

வினிகர் ஊத்தினா அந்த வினை நின்னுடும். துருவின உடனே ஊத்தினா காரம் கம்மி, 3 நிமிஷம் விட்டு ஊத்தினா உச்சம். ஆனா மாரோர் கடமைக்கு ஊறவெச்சது, வேகவெச்சது செல்லாது. அதனால வினிகர் போட்ட பாட்டில் கறிக்குத் தொட்டுக்க மட்டும்தான். மாரோருக்குத் தனியாப் பச்சையாத் துருவி, பொழுது சாயறதுக்கு முன்னாடி மூடி இறுக்கின ஜாடியில வைங்க. திறந்து கிடந்தா சில மணி நேரத்துல சப்புன்னு ஆயிடும்.

காரம் தாங்காதவங்களுக்கு ரொமைன் இலையே மாரோர். ஒவ்வொரு இலையாக் கழுவி, வெளிச்சத்துல பிடிச்சுப் பூச்சி பாருங்க. ஆளுக்கு ரெண்டு பெரிய இலை.

[காட்சி: கிண்ணத்தில் மட்ஸா உருண்டை மாவு. ஈரக் கை.]

காத்திருக்கிற சாப்பாட்டுக்கு வருவோம். சூப்புல மிதக்கிற மட்ஸா உருண்டை: 4 முட்டை, கால் கப் கோழிக்கொழுப்பு அல்லது எண்ணெய், கால் கப் கோழி சூப், ஒரு கப் மட்ஸா தூள், ஒரு டீஸ்பூன் உப்பு, மிளகு. கலக்கினதும் தளதளன்னு இருக்கும். பதறி இன்னும் தூள் போட்டுடாதீங்க, கல்லு மாதிரி ஆகுறதே அங்கதான். ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சா தூள் ஈரத்தைக் குடிச்சுத் தானா இறுகும். கையை நனைச்சு, அழுத்தாம, 3 சென்டிமீட்டர் உருண்டையா உருட்டுங்க. வெந்தா ஏறக்குறைய இரட்டிப்பாகும். அகலமான பாத்திரம், உப்புத் தண்ணி, மூடி போட்டு 40 நிமிஷம் மெல்லிய கொதி. தளதளன்னு கொதிச்சா உருண்டை உடையும். நடுவுல ஒண்ணை வெட்டிப் பாருங்க. மஞ்சளா ஒரு திட்டு தெரிஞ்சா இன்னும் 10 நிமிஷம். சூப்புலயே வேகவெச்சா உருண்டை சூப்பை உறிஞ்சிடும், கலங்கலும் ஆகும். வெந்த பிறகு சூப்புக்கு மாத்துங்க.

ஒரு எச்சரிக்கை. ஹசிதிய மரபுல (யூதர்கள்ல ஒரு பக்திப் பிரிவு) நிறையப் பேர் பஸ்காவுல ஈரம் பட்ட மட்ஸாவைத் தொடமாட்டாங்க. கூப்பிடும்போதே கேட்டுக்கோங்க. அவங்களுக்கு 4 முட்டையில 2 டேபிள்ஸ்பூன் உருளை ஸ்டார்ச் அடிச்சு, மெல்லிசா தோசை மாதிரி வார்த்து, சுருட்டி நூடுல்ஸா நறுக்கினா சூப்புக்குப் பொருத்தமா இருக்கும்.

[காட்சி: பாத்திரத்தில் குளிர்ந்த கறி. மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பு.]

கறி, மாட்டு நெஞ்சுக்கறி. 10 பேருக்கு எலும்பில்லாம 3 கிலோ. மூணுல ஒரு பங்கு சுருங்கிடும். எருசலேம் கோவில் இடிஞ்ச பிறகு பஸ்கா ஆட்டுப் பலி கிடையாது, அதை நினைப்பூட்டுற மாதிரி நெருப்புல சுட்ட கறி இந்த இரவுல கூடாதுங்கறது அஷ்கெனாசி வழக்கம். அதனால நீர் விட்டு மூடி வேகவெப்பாங்க. வெங்காயம், கேரட், தக்காளி, ஒரு கப் ஒயின், அவன்ல 160 டிகிரி செல்சியஸ், மூன்றரையில இருந்து 4 மணி நேரம். முந்தின நாளே செஞ்சிடுங்க. குளிர்ந்தா கொழுப்பு உறைஞ்சு தட்டா எடுக்க வரும், கறியும் பிஞ்சுபோகாம நறுக்க வரும். நாருக்குக் குறுக்கே வெட்டணும். நாரோட போக்குல வெட்டினா மெல்லவே முடியாது. வெட்டின துண்டுகளைக் குழம்புல முக்கி, இறுக்கி மூடி, சூடாக்கிட்டு, மிதமான அவன்ல ரெண்டு மணி நேரம் விட்டாலும் கெடாது. சுட்ட மீனோ பொரிச்ச கோழியோ இப்படி நிக்காது. யூத உணவு விதிப்படி கறியும் பாலும் சேரக்கூடாது; மேசையில கறி இருக்கறதால பால், வெண்ணெய் எதுவும் வராது, காபியில கூட.

பண்டிகை தொடங்கின பிறகு புதுசா நெருப்பு பத்தவைக்கக் கூடாது. அவன், அடுப்பு எல்லாம் பொழுது சாயறதுக்கு முன்னாடியே எரிஞ்சுக்கிட்டு இருக்கணும்.

[காட்சி: இரவு. மெழுகுவர்த்தி. விருந்தாளிகள் புத்தகம் திறக்கிறார்கள்.]

அந்தப் புத்தகம்தான் ஹகாதா, எகிப்துல இருந்து வெளியேறின கதை. எல்லார் கையிலயும் ஒரே பதிப்பு இருக்கட்டும். ஆளுக்கொரு பதிப்புன்னா பக்கம் தேடியே அரை மணி நேரம் போயிடும்.

8:15க்கு முதல் கோப்பை. 8:25க்குக் கர்பஸ்: பார்ஸ்லியை உப்புத் தண்ணியில தொட்டுச் சாப்பிடறது. நிறைய வீடுகள்ல பசியைச் சமாளிக்கிற இடம் இதுதான். பார்ஸ்லியோட நிறுத்தாம அவிச்ச உருளை, செலரி, கேரட் குச்சின்னு ஒரு தட்டு சுத்தி வரும். கொறிச்சுக்கிட்டே கதை கேட்கலாம். கர்பஸ் ஒரு வாய்க்கு மேல கூடாதுன்னு பிடிவாதமா இருக்கற குடும்பமும் உண்டு. அங்கே குழந்தைங்களுக்கு மட்டும் 6 மணிக்கே ஏதாவது கொடுத்துடுங்க.

கதை ஒரு மணி நேரம் ஓடும். பத்து வாதை வரும்போது சூப்பைச் சூடுள்ள இடத்துக்கு நகர்த்துங்க. அது முடிஞ்சதும் கை கழுவணும். கழுவினதுல இருந்து மட்ஸாவை விழுங்கற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. 'யாருக்கு மட்ஸா வரலை?'ன்னு அப்போ கேட்க முடியாது. பக்க எண், யார் எதை எடுக்கணும் எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. 10 பேரும் சமையலறைக் குழாய்க்கு வரிசை கட்டாம, சொம்பும் பேசினும் துண்டும் மேசைக்கே வரட்டும். அப்புறம் மட்ஸா, மாரோர், ரெண்டும் சேர்ந்த சாண்ட்விச். அதுக்கப்புறம் சூப்.

அந்த 3 தகடுல ஒண்ணை உடைச்சு ஒளிச்சு வெச்ச மட்ஸாத் துண்டு, அஃபிகோமன், கடைசியா வரும். அதுக்குப் பிறகு மீதி ரெண்டு கோப்பையும் தண்ணியும் தவிர எதுவும் வாயில படக்கூடாது. கேக், டீ எல்லாம் அதுக்கு முன்னாடியே. நள்ளிரவுக்குள்ள அதைச் சாப்பிடணும். இந்த நள்ளிரவு கடிகாரத்து 12 இல்ல, சூரியன் மறைஞ்சு உதிக்கிறதுக்கு நடுப்புள்ளி. ஏப்ரல் தொடக்கத்துல நியூயார்க்ல அது கிட்டத்தட்ட ஒரு மணி. குழந்தைங்க ஒளிச்ச துண்டு கிடைக்கலைன்னா வேற மட்ஸா எடுத்தா போதும்.

[காட்சி: திறந்த வாசல் கதவு. மேசை நடுவில் எலியாவுக்கு ஊற்றிய கோப்பை.]

மூணாவது கோப்பைக்குப் பிறகு எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறப்பாங்க. அந்த வேலையைக் குழந்தைங்ககிட்ட கொடுங்க, தூக்கம் கலையும்.

இஸ்ரேலுக்கு வெளியே மறுநாள் ராத்திரியும் செடர் உண்டு. இருட்டற வரைக்கும் அதுக்காக எதையும் தயார் பண்ணக் கூடாது. அதனால ரெண்டாவது நாளுக்கான ஹரோசெத், உப்புத் தண்ணி, கழுவின இலை, துருவின ஹார்ஸ்ராடிஷ் எல்லாத்தையும் முதல் நாள் சாயங்காலமே தனித்தனி ஜாடியில அடைச்சு, ஃபிரிட்ஜ்ல பின்வரிசையில வைங்க. முன்வரிசையில வெச்சா மத்தியானமே காலி.