பொட்டோசி வெள்ளி மலைக்குள்ளே, அங்கே வேலை பார்த்த ஒருவரோடு

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் கூம்பாக நிற்கிறதே, அதுதான் செர்ரோ ரீகோ. பொலிவியாவில் பொட்டோசி என்கிற ஊரில் இருக்கிறேன். இந்த ஊரே கடல் மட்டத்திலிருந்து 4000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மலை உச்சி கிட்டத்தட்ட 4800 மீட்டர். அதனால் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் அந்த மலைக்குள்ளிருந்து வெளியே வந்தேன். கேட்டதையெல்லாம் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பொலிவியாவுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் ஊயுனி உப்புவெளியில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். அங்கிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம் போல ஆகும் இந்த ஊருக்கு. இந்த நாட்டின் கதை புரிய வேண்டுமென்றால் இங்கே வர வேண்டும். அதுவும் இந்த மலைக்குள் உழைத்த ஒருவர் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நமக்குக் கிடைத்த கைடு அப்படிப்பட்டவர். அண்ணன் என்றே சொல்கிறேன். மீசை முளைக்காத வயதிலேயே அப்பா பின்னால் சுரங்கத்துக்குள் போனவர். இருமல் வரத் தொடங்கியதும் வெளியே வந்து, ஆங்கிலம் கற்றுக்கொண்டு, கைடு ஆகிவிட்டார். வீட்டில் பேசுவது கெச்சுவா. உள்ளே வேலை செய்கிறவர்களோடும் அதே மொழிதான். எதிரே யார் வந்தாலும் அவர் நின்று நலம் விசாரித்த பிறகுதான் நாங்கள் நகர்ந்தோம்.

காலையில் முதலில் தொழிலாளர் சந்தைக்குக் கூட்டிப்போனார். அந்தத் தெருவில் கோகா இலை மூட்டை மூட்டையாக இருக்கிறது. பக்கத்துக் கடையிலேயே கையுறை, ஹெல்மெட், 96 சதவீத ஆல்கஹால், டைனமைட் குச்சி, திரி எல்லாம் வெளிப்படையாக விற்கிறார்கள். அண்ணன் சொன்னார்: "நாம் போவது அடுத்தவர் வேலை செய்கிற இடத்துக்கு. வெறுங்கையோடு போகக் கூடாது." கோகா இலையும் குளிர்பானமும் கையுறையும் வாங்கிக்கொண்டோம். சில பயணிகள் டைனமைட் வாங்கி வெடித்துக் காட்டச் சொல்வார்களாம். தயவுசெய்து கேட்காதீர்கள். ஏற்கெனவே உள்ளுக்குள் ஓட்டையாகிப் போன மலை அது.

கோகா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சாற்றை மட்டும் விழுங்குகிறார்கள். பசியும் களைப்பும் தெரியாது. உள்ளே வெயில் ஏது, நிழல் ஏது? இலையில் சுவை போய்விட்டால் இத்தனை மணி நேரம் ஆகிவிட்டது என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். சுரங்கத்துக்குள் சாப்பாடு கிடையாது. தூசியோடு சோறு எப்படி இறங்கும்?

சுரங்க வாசலில் காய்ந்த ரத்தம் அப்பியிருந்தது. ஒட்டக இனத்து விலங்கான லாமாவைப் பலி கொடுத்து வாசலில் பூசுவார்களாம். மலை மனித ரத்தம் கேட்காமல் இருக்கத்தான் இது என்றார் அண்ணன். வாசல் ஓரமாக ஒரு சின்ன வீடு. கருவிகள் களவு போகாமல் காவல் காக்கிற பெண்கள் இப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைகளோடு குடியிருக்கிறார்கள். வெளியே கொட்டிய கல் குவியலில் உட்கார்ந்து, சுத்தியலால் உடைத்து, தாது மிச்சத்தைப் பொறுக்குகிற பெண்களும் உண்டு. பல்யிரி என்று பெயர். சுரங்கம் என்றதும் ஆண்களைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். இந்தப் பெண்களைப் பற்றி யாராவது விரிவாகப் பேச வேண்டும்.

சரி, உள்ளே போவோம். முதலில் குனிந்து நடை, அப்புறம் சில இடங்களில் தவழ்தல். தலைக்கு மேலே காற்றழுத்தக் குழாய் உஸ்ஸென்று கசிகிறது. வாசலில் பல் நடுங்கும் குளிர், உள்ளே போகப் போகச் சட்டை ஒட்டுகிற அளவுக்கு வெக்கை. திடீரென்று அண்ணன் கத்தினார், எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். தாது நிரப்பிய தள்ளுவண்டி தண்டவாளத்தில் கடகடவென்று கடந்து போனது. ஒரு டன்னுக்கு மேல் இருக்குமாம். முன்னால் இருவர் இழுக்க, பின்னால் இருவர் தள்ளுகிறார்கள்.

ஒரு பக்கக் குகையில் எல் தீயோ உட்கார்ந்திருக்கிறார். மாமா முறை சொல்லி அழைக்கிறார்கள். கொம்பு வைத்த களிமண் உருவம், வாயில் சிகரெட், மடியில் கோகா இலை. மலைக்கு வெளியே ஏசுவும் மாதாவும், உள்ளே இவர். தாதுவைக் கொடுப்பதும் உயிரை எடுப்பதும் இவர்தான் என்பது நம்பிக்கை. அண்ணன் தரையில் கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றினார். அது பூமித்தாய் பச்சமாமாவுக்கு. பிறகு எங்களை உட்கார வைத்து, விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு, கதையைத் தொடங்கினார்.

1545-இல் இங்கே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அறுபது எழுபது வருடத்துக்குள் ஊரில் ஒன்றரை லட்சம் பேர் குடியேறிவிட்டார்கள். 1570-களில், அப்போது இங்கே ஆண்ட ஸ்பெயினின் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ 'மீட்டா' என்கிற கட்டாய உழைப்பை ஒழுங்குபடுத்தினார். சுற்றியுள்ள மாகாணங்களில் ஏழு ஆண்களுக்கு ஒருவர் முறை வைத்து இங்கே வந்தாக வேண்டும். வருடத்துக்குச் சுமார் 13,000 பேர். குடும்பமும் லாமாக்களுமாக வாரக்கணக்கில் நடந்தே வந்தார்கள். பெருவின் உவான்கவெலிகாவிலிருந்து பாதரசம் கொண்டுவந்து தாதுவோடு கலந்து வெள்ளியைப் பிரித்தார்கள். அந்த விஷம் எத்தனை பேரைக் கொன்றது என்று யார் எண்ணினார்கள்? இங்கே அச்சடித்த வெள்ளி நாணயம் ஐரோப்பா வழியாகவும் மணிலா வழியாகவும் ஆசியாவுக்குப் பாய்ந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தியாவில் துணி வாங்கியதும் பெரும்பாலும் இந்தக் கண்டத்து வெள்ளியைக் கொடுத்துத்தான். இதை அந்த இருட்டில் உட்கார்ந்து கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1952 புரட்சிக்குப் பிறகு பெரிய சுரங்கங்களை அரசு எடுத்துக்கொண்டது. அண்ணனின் அப்பா அரசுச் சுரங்கத்தில் மாதச் சம்பளக்காரர். 1985-இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் (டின்) விலை சரிந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள், அவரும்தான். போக வேறு வழியில்லாமல் கூட்டுறவுக் குழுக்களாகச் சேர்ந்து அதே மலையைத் தோண்டத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அதே முறைதான். துத்தநாகம், ஈயம், கொஞ்சம் வெள்ளி. எடுத்த தாதுவுக்குத்தான் காசு. தாது கிடைக்காத வாரத்தில் வீட்டில் அடுப்பு எரியாது. நுரையீரலில் படிகிற கல் தூசி பலரை நடுவயதிலேயே கொண்டுபோய்விடுகிறது. தன்னோடு உள்ளே போனவர்களில் யார் யார் இல்லை என்று அண்ணன் பெயர் பெயராகச் சொன்னார். அதை நான் பதிவு செய்யவில்லை.

2011-இல் மலை உச்சியில் ஒரு பகுதி உள்வாங்கிவிட்டது. 1987-இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, 2014-இல் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. உச்சியில் தோண்டக் கூடாது என்று சொல்வது சுலபம். தோண்டுகிறவருக்கு வேறு வேலை யார் கொடுப்பது?

பிறர் உயிரைப் பணயம் வைத்து உழைப்பதை நாம் போய்ப் பார்ப்பது சரியா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அண்ணனிடம் இதைக் கேட்டேன். "பார்க்காமல் போனால் எங்கள் நிலைமை மாறிவிடுமா?" என்றார். "வாருங்கள். ஆனால் ஆளைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்." என் கருத்தும் அதுதான். முன்னாள் தொழிலாளிகளே கைடாக இருக்கிற குழுவைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் கொடுக்கிற பணத்தில் எவ்வளவு சுரங்கத்துக்குள் இருப்பவர்களுக்குப் போகிறது என்று நேராகக் கேளுங்கள். நல்ல கைடு அதற்குக் கோபப்பட மாட்டார்.

ஆஸ்துமா, இதய நோய், இருட்டுக்குள் அடைபடும் பயம் இருப்பவர்கள் உள்ளே போகவே வேண்டாம். அவர்கள் ஊருக்குள் இருக்கிற காசா தெ லா மொனேடா நாணயச் சாலைக்குப் போகலாம். கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் சுற்றிச் சுற்றி இயக்கிய மரச் சக்கரங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. பெயர் தெரியாத ஓவியர் ஒருவர் 18-ஆம் நூற்றாண்டில் வரைந்த மாதா படத்தைத் தவறவிடாதீர்கள். மாதாவின் ஆடையே இந்த மலையாக இருக்கும். உள்ளே போகிறவர்கள் உயரம் பழக ஓரிரு நாள் ஊரில் தங்கிவிட்டுப் போங்கள். நல்ல முகக்கவசம் நீங்களே கொண்டுவாருங்கள், தூசியில் ஆர்சனிக் இருக்கிறது.

அண்ணன் அதோ கையாட்டிக் கூப்பிடுகிறார். கலபூர்கா சாப்பிடப் போகிறோம், சுட்ட கல்லைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தருகிற சோளமாவு சூப். அவரிடம் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள், அவரையே பதில் சொல்லச் சொல்கிறேன்.