நாட் கிங் கோல்: குரலுக்குள் இருக்கும் பியானோ

நண்பர்களே, வணக்கம்.

நாட் கிங் கோல் என்ற பெயரைச் சொன்னால் இரண்டு கூட்டத்தார் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒரு கூட்டத்துக்கு அவர் பட்டுக் குரல்காரர். 'மோனா லிசா', 'அன்ஃபர்கெட்டபிள்', கிறிஸ்துமஸ் வந்தால் உலகமெங்கும் ஒலிக்கும் அந்தப் பாட்டு, இவ்வளவுதான் அவர்களுக்குக் கோல். இன்னொரு கூட்டம் ஜாஸ் ரசிகர்கள். அவர்களிடம் இன்னமும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. "எப்பேர்ப்பட்ட பியானோ கலைஞர்! பாட்டுப் பக்கம் போய்க் கையை வீணாக்கிவிட்டாரே" என்பார்கள். முதல் கூட்டத்தில் பலருக்கு அவர் பியானோ வாசிப்பார் என்பதே தெரியாது. இரண்டாம் கூட்டத்தில் பலர் அவர் பாடிய இசைத்தட்டுகளைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தப் பியானோ எங்கேயும் போய்விடவில்லை. விரலிலிருந்து தொண்டைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஜாஸ் கலைஞர்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளும் 'ஸ்டாண்டர்டு' பாட்டுகளை அவர் பாடிய பதிவுகளை இந்தக் காதோடு கேட்டால், அந்தக் குரல் வெறும் இனிமை என்று நீங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டீர்கள்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1919 மார்ச் 17 அன்று அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் பிறந்தார். நதானியேல் ஆடம்ஸ் கோல்ஸ் என்பது பெற்றோர் வைத்த பெயர். சிறு வயதிலேயே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை பாப்டிஸ்ட் சபைப் போதகர். தாய் பெர்லினா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அந்த அம்மாதான் முதல் குரு. அந்நாளைய சிகாகோவில் பியானோ என்றால் ஏர்ல் ஹைன்ஸ். வலது கையால் டிரம்பெட் போல ஒற்றை வரியாகப் பாடவைக்கும் அவர் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த பையன் கோல். 1937-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் மூவர் குழுவைத் தொடங்கினார். பியானோ, ஆஸ்கர் மூரின் கிதார், வெஸ்லி பிரின்ஸின் பாஸ். டிரம்ஸ் கிடையாது.

டிரம்ஸ் இல்லை என்பதை மனத்தில் வையுங்கள். பெரிய பெரிய ஸ்விங் வாத்தியக் குழுக்கள் நாட்டையே ஆட்டிவைத்த காலம் அது. அப்போது மூன்று பேர், தாளக்காரர் இல்லாமல், தாளத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு வாசித்தார்கள். யாராவது ஒருவர் அரை நொடி அசந்தாலும் கட்டடம் சரிந்துவிடும். அந்த மேடையில் உட்கார்ந்து, கையால் ஒரு நடையை நடத்திக்கொண்டே வாயால் வேறொரு நடையில் பாடிப் பழகியவர் கோல். பழைய படங்களைப் பாருங்கள்: உடம்பை ரசிகர்கள் பக்கம் திருப்பி, முகத்தில் சிரிப்போடு பாடிக்கொண்டிருப்பார், கைகள் பக்கவாட்டில் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி ஸ்டாண்டர்டு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். 1920-களிலிருந்து 40-கள் வரை அமெரிக்காவில் பிராட்வே நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் கடைகளில் விற்கும் இசைத்தாள்களுக்கும் ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதினார்கள். பெரும்பாலும் 32 பார், அதாவது 32 தாளச் சுற்று, நீளம். ஒரு மெட்டு, அதே மெட்டு மறுபடி, நடுவில் மாறும் ஒரு பகுதி, பிறகு முதல் மெட்டுக்குத் திரும்புதல். நாடகம் மறந்துபோகும், படம் மறந்துபோகும். சில பாட்டுகள் மட்டும் ஜாஸ் கலைஞர்கள் கையில் தங்கிவிடும். அவைதான் ஸ்டாண்டர்டு. ஒரே கீர்த்தனையைப் பத்து வித்வான்கள் பாடக் கேட்டு, யார் எந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று கவனிக்கும் பழக்கம் நமக்கு உண்டல்லவா? அந்தக் காதையே இங்கேயும் கொண்டுவாருங்கள். பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட்க வேண்டியது அதைப் பாடுகிறவர் எடுக்கும் முடிவுகளை.

கோலின் முடிவுகள் எப்படிப்பட்டவை? ஒரு பியானோ கலைஞரின் முடிவுகள். பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால் ஸ்வரம் பிறந்த கணத்தில்தான் முழு உயிரோடு இருக்கும். அடுத்த கணத்திலிருந்து தேயத் தொடங்கும். வயலின்காரர் வில்லால் அதை வளர்க்கலாம், ஊதுகிறவர் மூச்சால் பெருக்கலாம். பியானோக்காரருக்கு அது முடியாது. ஆகவே அவருக்கு எல்லாமே தொடுகிற கணத்தில் இருக்கிறது. எப்போது தொடுவது, எவ்வளவு அழுத்தமாகத் தொடுவது, எப்போது விடுவது, இந்த மூன்றும்தான் அவர் ஆயுதங்கள்.

கோல் பாடுவதைக் கேளுங்கள். சொல்லின் முதல் எழுத்து, தட்டிய கட்டை போலச் சுருதியின் நடுமையத்தில் வந்து விழும். கீழிருந்து வழுக்கிக்கொண்டு ஏறமாட்டார். பிடித்த ஸ்வரத்தை ஊதிப் பெரிதாக்கமாட்டார், தேயவிடுவார். வரி முடிந்ததும் ஒரு வெளி வரும். அந்த வெளியில் முன்பு அவர் பியானோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் அதே வெளியை வயலின்களுக்குக் கொடுத்தார். ஆனால் வெளியை விடத் தவறியதே இல்லை.

இன்னொரு புகழ்பெற்ற பாடகரான ஃபிராங்க் சினாட்ராவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். சினாட்ரா தன் மூச்சை டாமி டார்சியின் டிராம்போனிலிருந்து கற்றதாகத் தானே சொல்லியிருக்கிறார். டார்சி எங்கே மூச்செடுக்கிறார் என்பதே தெரியாமல் நீண்ட வரிகளை ஊதுவார். சினாட்ராவும் ஒரு வரியின் முடிவை அடுத்த வரியோடு ஒட்டி இழுத்துக்கொண்டு போவார். கேட்கும் நமக்கு மூச்சு முட்டும், அதுவே சுகம். கோல் அப்படி ஒட்டுவதில்லை. வரிகளைத் தனித்தனியாக, பக்கத்துப் பக்கத்தில் வைப்பார். ஒருவர் ஊதுவாத்தியத்தின் பிள்ளை, மற்றவர் தட்டுவாத்தியத்தின் பிள்ளை. இருவரும் கேபிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தில், நெல்சன் ரிடில் என்ற ஒரே இசை அமைப்பாளரோடு வேலை செய்தவர்கள் என்பதால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

காதோடு பேசுவதுபோல மென்மையாகப் பாடும் குரூனர் என்ற பாடகர் இனமே மைக்கோடு பிறந்தது. 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகு, அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்த வேண்டிய கட்டாயம் பாடகருக்குப் போயிற்று. பிங் கிராஸ்பி அந்த வழியைத் திறந்துவைத்தார். கோலின் குரல் வீச்சில் பெரியதல்ல. கொஞ்சம் காற்றோட்டமும் கரகரப்பும் கலந்தது. மைக் இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் அவரை யாரும் பாடகர் என்றே சொல்லியிருக்க மாட்டார்கள். மைக் இருந்ததால் அந்தக் கரகரப்பும் இசையாயிற்று.

'ஸ்வீட் லொரைன்' என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். 1928-இல் வந்த பாட்டு. மெட்டு கிளிஃப் பர்வெல், வரிகள் மிட்செல் பாரிஷ். கோல் அதை 1940 டிசம்பரில் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். வயது 21. அந்தப் பதிவில் பாடகர் என்ற பாவனையே இல்லை. ஒரு பியானோக்காரர் தனக்குப் பிடித்த பாட்டைத் தன் போக்கில் சொல்லிப் பார்க்கிறார். சொற்கள் தாளத்தின் அடிக்குச் சற்றுப் பின்னால் இறங்குகின்றன, அவசரமே இல்லாமல். பின்னால் நிற்கிறாரே, தவறவிடுவாரோ என்று நமக்குத் தோன்றும். தவறவே மாட்டார், ஏனென்றால் அடியை வைத்துக்கொண்டிருப்பதும் அவர் கைதான்.

இந்த மூவர் குழு பிறருக்கு என்ன கொடுத்தது என்பதைத் தனிச் சொற்பொழிவாகவே வைத்துக்கொள்ளலாம். பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சன் பியானோ, கிதார், பாஸ் என்று குழு அமைத்தது இந்த அச்சில்தான். பாடகர் ரே சார்ல்ஸ் இளமையில் அப்படியே கோலைப் போலப் பாடிக்கொண்டிருந்தவர். தானே மறைக்காமல் சொன்னது அது. 1944 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் நார்மன் கிரான்ஸ் நடத்திய முதல் 'ஜாஸ் அட் த ஃபில்ஹார்மானிக்' கச்சேரியில் பியானோவில் இருந்தவர் கோல். 1946-இல் லெஸ்டர் யங்கின் சாக்ஸஃபோனோடும் படி ரிச்சின் டிரம்ஸோடும், பாஸ்கூட இல்லாமல், வாசித்த பதிவுகள் இருக்கின்றன. அவற்றைக் கேளாதவர் கோலைப் பாதிதான் கேட்டவர்.

இனி 1956. இந்த ஒரு வருடத்தில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

கோல் பிறந்த மாண்ட்கோமரியில் அப்போது இனப் பிரிவினையை எதிர்த்துப் பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அதே அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில், ஏப்ரல் 10 அன்று, வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த அரங்கில் அவர் பாடிக்கொண்டிருந்தார். இனவெறியர் சிலர் மேடையேறிப் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். முதுகில் அடி. மேடைக்குத் திரும்பி வந்து சில சொற்கள் பேசிவிட்டுப் போனார். அந்தக் காட்சியில் மறுபடி பாடவில்லை. அன்றிரவே கறுப்பின ரசிகர்களுக்கான அடுத்த காட்சியில் பாடினார். இனம் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் ஏன் பாடப் போனாய் என்று கறுப்பினப் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகக் கண்டித்தன. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் 1948-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹான்காக் பார்க்கில் வீடு வாங்கியபோது, வேண்டாதவர்கள் இங்கே குடிவரக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, "எனக்கும் அதுதான் விருப்பம், அப்படி யாராவது வந்தால் முதலில் புகார் சொல்பவன் நானாக இருப்பேன்" என்கிற பொருளில் பதில் சொன்ன மனிதரும் இவரேதான்.

அதே 1956 நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி தொடங்கியது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், பெகி லீ, ஹாரி பெலஃபாண்டி எல்லாம் வந்து பாடினார்கள். நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. 1957 டிசம்பரில் நிகழ்ச்சி நின்றுபோயிற்று. விளம்பர நிறுவனங்கள் நிறைந்த மேடிசன் அவென்யூ இருட்டைக் கண்டு பயப்படுகிறது என்றார் கோல்.

பர்மிங்ஹாம் தாக்குதலுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தொடக்கத்துக்கும் நடுவில், 1956 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், ஹாலிவுட்டில் அவர் ஒரு தட்டுக்காகப் பியானோ முன் உட்கார்ந்தார். 'ஆஃப்டர் மிட்நைட்'. அப்போது அவர் நாடறிந்த பாடகர். வயலின் கூட்டத்தின் முன்னால் நின்று பாடினாலே போதும், தட்டு விற்கும். ஆனாலும் ஜான் காலின்ஸின் கிதார், சார்லி ஹாரிஸின் பாஸ், லீ யங்கின் டிரம்ஸ் என்று தன் குழுவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஒரு விருந்தாளியை அழைத்தார். கவுண்ட் பேஸி என்பவரின் குழுவிலிருந்து வந்த டிரம்பெட்காரர் ஹாரி எடிசன், ஆல்ட்டோ சாக்ஸஃபோனுக்கு வில்லி ஸ்மித், வயலினுக்கு ஸ்டஃப் ஸ்மித், வால்வு டிராம்போனுக்கு ஹுவான் டிசோல். 'கேரவன்' பாட்டை ஜாஸ் மேதை டியூக் எலிங்டனோடு சேர்ந்து உருவாக்கியவரே இந்த டிசோல்தான். அந்தப் பாட்டைக் கோல் பாட, அவர் வாசிக்கிறார்.

'இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்' இந்தத் தட்டில் இருக்கிறது. ஹரால்ட் ஆர்லென் மெட்டமைத்து 1933-இல் வெளியானது. கோல் 1943-இல் மூவர் குழுவோடு அதைப் பதிவு செய்திருந்தார், 1956-இல் மறுபடி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். முதலாவதில் துள்ளல். இரண்டாவதில், எடிசனின், வாய்ப்பகுதியில் ஒலியடைப்பு வைத்த டிரம்பெட் ஒவ்வொரு வரியின் முடிவிலும் நுழைந்து இரண்டே ஸ்வரம் சொல்லிவிட்டுப் போகும். கோல் அதற்கு இடம் விட்டுப் பாடுகிறார். பியானோவில் அதைவிடக் குறைவாக வாசிக்கிறார். அத்தனை ஸ்வரங்களும் கையில் இருந்தும் வேண்டாம் என்று வைத்துவிடுகிற துணிவு இருக்கிறதே, அதைத்தான் நான் மேதைமை என்பேன். ஸ்டஃப் ஸ்மித்தின் வயலினோடு பாடிய 'சம்டைம்ஸ் ஐ'ம் ஹாப்பி'யை இந்தத் தட்டின் சிகரம் என்று துணிந்து சொல்வேன். வயலின் குழைந்து இழைகிறது. குரல் அதைப் பின்பற்றி இழையாமல் தன் இடத்தில் நிற்கிறது.

அடுத்த தட்டு 'லவ் இஸ் த திங்', 1957. கார்டன் ஜென்கின்ஸின் வயலின் வெள்ளம். கோலின் கை பியானோவைத் தொடவே இல்லை. ஜாஸ் ரசிகர்கள் முகம் சுளிக்கும் இடம் இது. நான் அவர்களிடம் கேட்பது, அதில் வரும் 'ஸ்டார்டஸ்ட்' பாட்டை ஒரு முறை பொறுமையாகக் கேளுங்கள் என்பதுதான். ஹோகி கார்மைக்கேல் 1927-இல் உருவாக்கிய மெட்டு. பிறகு வரி எழுதியவர் அதே மிட்செல் பாரிஷ். மெட்டு பாடகருக்காகப் பிறந்ததல்ல, வாத்தியத்துக்காகப் பிறந்தது. எட்டு எட்டாகத் தாவும். பாடுகிறவர்கள் தாவலை மறைக்கத் தேன் தடவி வழுக்குவார்கள். கோல் பாட்டின் முன்பகுதியைத் தாளக் கட்டில்லாமல், சொல்லிப் பார்ப்பதுபோலப் பாடிவிட்டு, முதன்மை மெட்டுக்குள் நுழைகிறார். ஒவ்வொரு தாவலும் நேரே போய்த் தன் ஸ்வரத்தில் நிற்கிறது. இது விரல் அறிந்த தூரம். பியானோ அந்த அறையில் இல்லாவிட்டாலும் அதை வாசிப்பவர் இருக்கிறார்.

1965 பிப்ரவரி 15 அன்று, நுரையீரல் புற்றுநோயால், 45 வயதில் கோல் இறந்தார். ஓயாமல் சிகரெட் பிடித்தவர். அதே ஆண்டு ஆஸ்கர் பீட்டர்சன் அவருக்காக ஓர் அஞ்சலித் தட்டு பதிவு செய்தார். அதில் பியானோ வாசிப்பதோடு பாடவும் செய்தார். கேட்டவர்கள் திடுக்கிடும் அளவுக்குக் கோலின் குரலாகவே இருந்தது அது. கோலின் குரல் எப்படி வேலை செய்கிறது என்பது இன்னொரு பியானோ கலைஞருக்குத் தெரிந்திருந்ததில் எனக்கு வியப்பில்லை.

பேசியது போதும், இப்போது கேட்போம். முதலில் 1940-இன் 'ஸ்வீட் லொரைன்', அதைத் தொடர்ந்து 1956-இன் 'ஸ்வீட் லொரைன்'. முதல் முறை சொற்களை மட்டும் கவனியுங்கள், அடிக்கு எவ்வளவு பின்னால் வருகின்றன என்று. இரண்டாவதில் அவர் பாடாத இடங்களைக் கவனியுங்கள். முடிந்ததும் உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்; என்னோடு உடன்படாதவர்கள் முதலில் பேசலாம்.