டபுள் பாஸ் தாள் மட்டும் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய இசைக்குழுவில் ஒவ்வொரு கலைஞர் முன்னாலும் ஒரு தாள் இருக்கும். அதில் அவர் வாசிக்க வேண்டியது மட்டுமே எழுதியிருக்கும். மற்ற வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்பது இருக்காது. எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் முழுப்பிரதி இசை நடத்துநரிடம் உண்டு. அது தொலைந்தால், சிதறிய தாள்களைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் இசையை மீட்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அப்படி ஒரு பொறுக்கல் நடந்தது.

இடம், செக் நாட்டின் தெரெசீன். பழைய கோட்டை நகரம். நாஜிகள் அதை யூதர்களை அடைத்து வைக்கும் முகாமாக்கினார்கள். 1941 டிசம்பரில் அங்கே வந்து சேர்ந்தவர் இசையமைப்பாளர் பாவெல் ஹாஸ். ப்ர்னோ நகரத்துக்காரர், புகழ்பெற்ற செக் இசையமைப்பாளர் யானாச்செக்கிடம் பாடம் கேட்டவர். மனைவியும் மகளும் தப்ப வேண்டும் என்று விவாகரத்து செய்துவிட்டு வந்திருந்தார். எழுத மனமில்லாமல் கிடந்த அவர் முன், கிடியோன் கிளைன் என்ற இளம் பியானோ கலைஞர் கோடு போட்ட தாள்களைக் கொண்டுவந்து வைத்தாராம். அதன்பிறகு ஹாஸ் ஆண்குரல்களுக்கு எழுதிய எபிரேயப் பாட்டின் தலைப்புக்குப் பொருள், 'புலம்பாதே'.

பின்னர் எழுதியதுதான் 'தந்தி வாத்தியங்களுக்கான பயிற்சி'. 1944-இல் கரேல் ஆன்செர்ல் நடத்த, கைதிகள் வாசித்தார்கள். யூதர்கள் சுகமாக வாழ்கிறார்கள் என்று காட்டும் பிரசாரப் படத்துக்காக நாஜிகள் அதைப் படம்பிடித்தார்கள். வாசிப்பு முடிந்ததும் ஹாஸ் வந்து தலைவணங்குகிறார். அந்தத் துண்டுப்படம் இன்றும் இருக்கிறது. ஒருமுறை பார்த்தேன், போதும்.

அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று ஹாஸ், கிளைன், முகாமிலிருந்த மற்ற இசையமைப்பாளர்களான விக்டர் உல்மன், ஹான்ஸ் க்ராசா நால்வரையும் ஒரே ரயிலில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ஏற்றினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. ஆன்செர்லும் ஆஷ்விட்ஸுக்குப் போனார். மனைவியும் மகனும் அங்கே மாண்டார்கள், அவர் பிழைத்தார். விடுதலைக்குப்பின் தெரெசீனில் அந்த வாத்தியத் தாள்களைக் கண்டெடுத்தவர் அவரே. வயலின், வியோலா, செல்லோ எல்லாம் இருந்தன. தந்தி வாத்தியங்களில் மிகத் தாழ்ந்த ஒலி தரும் டபுள் பாஸின் தாள் மட்டும் இல்லை.

கட்டடத்தில் அஸ்திவாரம் மட்டும் காணாமல் போனது போலத்தான். செல்லோ வாசிப்பதையே ஒரு ஸ்தாயி கீழே வாசிப்பது டபுள் பாஸின் பழைய வழக்கம். எனவே பாதி வேலை ஊகத்தில் நடந்துவிடும். ஆனால் எங்கே செல்லோவை விட்டு விலக வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும்? அதற்கு ஹாஸின் கை தெரிந்தவர் வேண்டும். ஹாஸின் மாணவர் லூபோமீர் பெடுட்ஸி அந்தப் பகுதியை மீட்டு எழுதினார்.

இத்தகைய படைப்புகளை மேடையில் அறிவிக்கும்போது பலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல. எனக்கு அது எரிச்சல். உல்மன் முகாமுக்குள் நடந்த கச்சேரிகளுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர்! பைபிளில் சிறைப்பட்ட யூதர்கள் அழுததுபோல், பாபிலோன் ஆற்றங்கரையில் நாங்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை என்று அங்கிருந்தே எழுதினார். விமர்சனத்துக்கு உட்பட்ட இசை அது, இரக்கத்துக்காக எழுதியதல்ல. ஹாஸின் படைப்பில் ஒரு குழு தொடங்கியதை அடுத்த குழு துரத்திக்கொண்டு வருகிறது. மூச்சுவிட நடுவில்தான் இடம் கிடைக்கிறது.

அடுத்து ஒலிபரப்பாவது அந்தப் படைப்புதான். பத்து நிமிடத்துக்கும் குறைவு. மேலே வயலின்கள் ஓடட்டும். ஒருமுறை அடியில் முழங்குவதைக் கேளுங்கள். அது ஹாஸின் மாணவர் எழுதியது.